சத்தமே இல்லாத வண்டி

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் மைலேஜைத்தான் விசாரிப்பார்கள். என் வீட்டுக்காரர் பானட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். ஷோரூம்காரர் பாவம், வண்டியில் ஏதோ குறை கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்துபோனார்.

"ஒண்ணுமில்ல தம்பி, அவுக சத்தம் பாக்குறாக. நாங்க வெடியாபீஸ்காரவுக" என்றேன். சிவகாசிப் பக்கம் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்தத் தம்பி சிரித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

விஸ்வநத்தம் தாண்டி எங்களுக்குச் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை இருக்கிறது. மாமனார் காலத்தில் தொடங்கியது. அன்றன்று தயாரான சரக்கில் சிலதை எடுத்து, சாயங்காலம் பின்பக்கப் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். போர்மேன், வெடிமருந்து கலக்குகிறவர், சரக்கு எடுக்க வந்த வெளியூர் வியாபாரி என்று எல்லோரும் நிற்பார்கள். ஆனால் யாரும் வெடியைப் பார்க்க மாட்டார்கள். என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையை ஆட்டினால் சரக்கு பெட்டிக்குள் போகும். கையை விரித்தால் போகாது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. இத்தனை வருடத் தொழிலில் எங்களுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்றால், அது அந்தக் காதை நம்பி வந்த பெயர். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

நான் விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்த வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் துவரையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத் தரம் சொல்வார்கள். கல்யாணமான புதிதில், காதால் தரம் பார்க்கிற இவரைக் கண்டு எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. வீட்டில் மிக்ஸி வாங்கினாலும், மின்விசிறி வாங்கினாலும், அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடி நிற்பார். நானும் அடுப்பை அணைத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பேன்.

கார் விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒத்துவரவே இல்லை. அவருக்கு உயரமான பெரிய வண்டி வேண்டும். மற்ற ஆலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், ஏறி உட்கார்ந்தால் கோவில் தேரில் உட்கார்ந்த மாதிரி ஊரே அண்ணாந்து பார்க்கும். எனக்கு முழங்கால் வலி. தேரில் ஏற நான் என்ன உற்சவ மூர்த்தியா? எனக்கு வேண்டியதெல்லாம் கால் வைத்தால் உட்காரும்படியான உயரம், கியர் மாற்றாமல் ஓட்டும் வசதி, விருதுநகர் போய் வந்தால் எண்ணெய் டின்னும் வத்தல் மூட்டையும் போடப் பெரிய டிக்கி. எங்கள் தெருவில் திரும்பவும் வேண்டும். இத்தனைக்கும் பொருந்தி வருவது குட்டையாக வால் வைத்த இந்தச் சின்ன செடான் வகைதான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். தெருவுக்கு இரண்டு வீட்டில் நிற்கிற வண்டி அது. "இதை வாங்குனா டாக்ஸின்னு நெனச்சு எவனாவது கைகாட்டுவான்" என்றார். "காட்டுனா ஏத்திக்கிருவோம், டீசலுக்காவது ஆகும்" என்றேன். பெட்ரோல் வண்டி என்று திருத்தினார். அந்த இடத்தில் அவர் தோற்றுவிட்டது எனக்குத் தெரிந்தது.

எலுமிச்சம்பழம் நசுக்கி, அம்மன் கோவில் வாசலில் மாலை போட்டு, வண்டி வீட்டுக்கு வந்தது. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன். டிக்கி எதைப் போட்டாலும் விழுங்கியது. சித்திரை வெயிலில் பொட்டலில் நின்ற வண்டி, ஏசியைப் போட்டு ரெண்டு தெரு தாண்டுவதற்குள் குளிர்ந்துவிடும். பின்சீட்டுக்கும் தனியாகக் காற்று வரும். பெருவழிச் சாலையில் லிட்டருக்கு நன்றாகவே கொடுத்தது. ஆனால் ஆள் நிறைய, டிக்கியும் நிறைய இருக்கும்போது ஆலைக்குப் போகிற மண்பாதையில் வண்டியின் அடிவயிறு தரையில் தட்டும். லாரியை முந்துவதற்கு மிதித்தால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் புறப்படும். தானாக மாறுகிற அந்தக் கியர், ஊருக்குள் மெதுவாகப் போகும்போது, பிடிக்காத சம்பந்தத்துக்குச் சரி சொல்கிறவர்கள் மாதிரி ஒரு இழுப்பு இழுத்துத் தலையை ஆட்டும். இதெல்லாம் பழகிப்போகிற குறைகள்.

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். "சத்தமே இல்ல பாத்தியா? கண்ணாடிய ஏத்திட்டா வெளிய உலகமே இல்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வண்டி ஓயாமல் எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தது. பெல்ட் போடாவிட்டால் கூப்பிடும். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கூப்பிடும். எண்பதைத் தாண்டினால் கீச்சுக்குரலில் எச்சரிக்கும். பின்னால் எடுக்கும்போது எதுவாவது கிட்டே வந்தால், விட்டுவிட்டு ஆரம்பித்து, நெருங்க நெருங்க ஒரே இழுப்பாகக் கத்தும். வீட்டில் எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், இவரைத் திருத்த.

ஒரு கல்யாணத்துக்காகச் சாத்தூர் போனோம். நான்கு வழிச்சாலையில் ஏறியதும் அவர் காலை அழுத்தினார். வண்டி ஆடாமல் அசையாமல் போனது, அதைச் சொல்லத்தான் வேண்டும். எண்பது தாண்டியதும் கீச்சென்றது. அவர் பாட்டுக்கு ஓட்டினார். மறுபடி கீச்சென்றது.

"கத்துதுல்ல, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன்.

"எது கத்துது?"

"வண்டிதான்."

"இதுவா? இது பூனைக்குட்டி மாதிரி போகுது" என்று சொல்லிவிட்டு இன்னும் மிதித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் சொன்னால்தான் கேட்பதில்லை, இப்போது காசு கொடுத்து வாங்கிய வண்டி சொன்னாலும் கேட்பதில்லை. "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று முணுமுணுத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு விருதுநகர் போயிருந்தோம். எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் போதும் என்பது அவருடைய கட்சி. கடைக்கு முன்னால் நாற்காலி, மேசையெல்லாம் சாயங்கால வியாபாரத்துக்காக வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து வண்டியைப் பின்னால் எடுத்தார். நாங்கள் வாங்கிய ரகத்தில் பின்னால் கேமரா கிடையாது, சத்தம் மட்டும்தான். அது விட்டுவிட்டு ஆரம்பித்தது. எனக்கு மடியில் பார்சல், கையில் எண்ணெய். நிறுத்துவார் என்றுதான் இருந்தேன். சத்தம் ஒரே இழுப்பாக மாறியது. அவர் தலையை வெளியே நீட்டி வலது பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிதானமாக எடுத்தார். நான் அலறுவதற்குள் பின்னால் மடமடவென்று நாற்காலிகள் சரிந்தன.

இறங்கி ஓடினேன். நாற்காலிகளுக்கு அந்தப் பக்கம், கைக்குழந்தையோடு ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சரிந்த நாற்காலி ஒன்றிலிருந்து அப்போதுதான் எழுந்திருக்கிறாள். யாருக்கும் ஒன்றுமில்லை.  கடைக்காரர் நல்ல மனிதர், உடைந்ததற்குக்கூட ஒன்றும் பேசவில்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணிடம் கைகூப்பிவிட்டு, எல்லோரிடமும் சொன்னார்: "புது வண்டிங்க. சத்தம் வரும்னான். வரல. சென்சார் பழுது."

நான் அவரையே பார்த்தேன். அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை. அந்த முகத்திலும் பொய் இல்லை. நான் குனிந்து நாற்காலிகளை நிமிர்த்தி வைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் அவரே சண்டை போடுகிற வேகத்தில் சர்வீஸ் நிலையத்துக்குக் கிளம்பினார். நான் ஓட்டுகிறேன் என்றேன். அந்த நிலையம் விருதுநகர் புறவழிச்சாலையில் இருக்கிறது. அங்கிருந்த மெக்கானிக் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, பின்கியரைப் போடச் சொல்லி, பிரேக்கை மிதித்தபடி இருக்கச் சொன்னார். தானே வண்டிக்குப் பின்னால் போய் நின்று உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு மெதுவாக நெருங்கி வந்தார். விட்டுவிட்டுச் சத்தம் வந்தது. பிறகு இழுப்பாக வந்தது. பக்கத்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீகளா, வரல" என்றார் என் வீட்டுக்காரர்.

 மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் டிவி ஏன் அவ்வளவு சத்தமாக ஓடுகிறது, குக்கர் விசிலுக்கு ஏன் அவர் எழுந்து போனதில்லை, பேத்தி போனில் பேசினால் ஏன் உடனே என்னிடம் கொடுத்துவிடுகிறார் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து முன்னால் நின்றன. இதையெல்லாம் நான் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் வைத்திருந்தேன். ஆலையில் எல்லோரும் உரக்கத்தான் பேசுவார்கள், வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்கிற சத்தம், அது அவருக்கு நன்றாகவே கேட்கிறது. அதனால் அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது. மெல்லிய கூரான சத்தம்தான் அவரைவிட்டுப் போய்விட்டது.

"சார், கொஞ்சம் திரையைப் பாருங்க" என்று மெக்கானிக் பின்னாலிருந்தே உரக்கச் சொன்னார். சத்தம் வரும்போது முன்பக்கத் திரையில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடும் வருமாம். கையைக் காட்டினார். கோடு வந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, சாவியை என் கையில் கொடுத்தார்.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். அந்த வண்டியின் அமைதி அன்றைக்கு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஏதாவது ஒரு ஓட்டை ஜீப்பாக இருந்திருந்தால் அந்த இரைச்சலில் இரண்டு பேரும் சும்மா இருந்திருக்கலாம். ஆனைக்குட்டம் விலக்கு வந்தபோது, "ஓரமா நிப்பாட்டு" என்றார். நிறுத்தினேன்.

"விசில் ராக்கெட்டு போட்டோமே" என்றார்.

எனக்கு உடனே பிடிபடவில்லை. முந்தின சீசனுக்கு முந்தின சீசன், மேலே ஏறும்போது விசில் அடிக்கிற ராக்கெட் ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். சாயங்காலச் சோதனையில் இவர் கையை விரித்துவிட்டார். ராக்கெட் ஏறுகிறது, விசில் வரவில்லை என்று. மறுநாளும் வைத்தார்கள். மறுநாளும் வரவில்லை என்றார். அந்த வேலையையே நிறுத்தியாகிவிட்டது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மருந்து கலக்குனவன நான் எல்லாருக்கும் முன்னாடி வச்சு என்ன சொன்னேன் தெரியுமா? கவனமில்லாதவன் மருந்துல கை வைக்கக் கூடாதுன்னேன்."

எங்கள் தொழிலை அறியாதவர்களுக்கு இது ஒரு சாதாரணத் திட்டாகத் தெரியலாம். மருந்து கலக்குகிறவரைப் பார்த்துக் 'கவனமில்லாதவர்' என்று சொல்வதற்கு மேல் ஒரு வசவு இந்த ஊரில் இல்லை. அவருடைய கவனத்தில்தான் மற்றவர்கள் சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் வேறு எந்த ஆலையிலும் அவரை அந்த அறைக்குள் விட மாட்டார்கள். அந்த வாரமே அவர் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டாராம்.

"அங்கன நின்ன அம்புட்டுப் பேருக்கும் கேட்டிருக்கும்ல" என்றார். "ஒருத்தன்கூடச் சொல்லலையே."

"யாரு சொல்லுவா? நீங்க கையை விரிச்சா அதுக்கு மேல பேச்சு உண்டா?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. ஆனால் வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காது டாக்டரிடம் போனது, கருவி வாங்கச் சொன்னது, அதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் அவர் போர்மேனிடம் அந்த மனிதரின் விலாசத்தைக் கேட்டு வாங்கினார். சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். நான் ஓட்டினேன். எண்பதைத் தாண்டவே இல்லை.

குறுகலான தெரு. அந்தச் சின்ன வண்டியே அதில் பாதியை அடைத்துக்கொண்டது. அந்த மனிதர் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, அவசரமாகத் தோளில் துண்டைப் போட்டார். "வாங்க மொதலாளி, வாங்கம்மா" என்றார். எங்கள் மேல் அவருக்குக் கோபம் இருந்தமாதிரி தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "ஏப்பா, எனக்குக் காது மந்தம். எனக்கே இப்பதான் தெரிஞ்சது. ஒன் ராக்கெட்டு விசில் அடிச்சிருக்கு. எனக்குத்தான் கேக்கல. மன்னிச்சுக்க. திரும்ப வந்துரு."

அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். என் வீட்டுக்காரர் அவருடைய உதடுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். போகட்டும் மொதலாளி என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் காது கேட்காதவருக்கு அவருக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததில்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் சொன்னதைச் சொன்னபடியே, தெருவில் நின்று, அவர் காதருகே உரக்கச் சொன்னேன்.

"அவருக்கு அன்னைக்கு விசில் கேட்டுச்சாம். நீங்க இல்லேன்னதும், தன் காதுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சுட்டாராம். அன்னையிலேருந்து எதைப் பாத்தாலும் சந்தேகமாம். கை நடுங்குதாம். நடுங்குற கையோட மருந்துக்கிட்டப் போகப் பயமா இருக்காம். இனி வரலையாம்."

 எதிர்வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனிதர், ஏன் சொன்னோம் என்று வெட்கப்பட்டவர் போலத் துண்டை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போது அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்தாள். வாசற்படியை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே என் வீட்டுக்காரரைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "கவனமில்லாதவருன்னு அம்புட்டுப் பேருக்கும் கேக்கத்தானே சொன்னீக? இந்தத் தெருவுல பாதிப் பேரு வெடியாபீசுக்குத்தான் போறாக. மன்னிப்ப மட்டும் வாசல்ல நின்னு இவருகிட்ட சொல்றீகளே."

"சும்மா இரு" என்றார் அந்த மனிதர். அவள் இருக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அது முழுசாகக் கேட்டது. திரும்பித் தெருவைப் பார்த்து நின்றார். காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயரம் போகிறது என்று தெரியாது. "இவரு மருந்துல ஒரு தப்பும் இல்ல" என்றார். "ராக்கெட்டு நல்லா விசில் அடிச்சுச்சு. என் காதுலதான் தப்பு. தெரியாமப் பழி போட்டுட்டேன்."

 மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"அந்தக் கடைசி வீட்டுக்காரவுக இப்பதான் வெளிய வந்தாக" என்றாள் அவள். "இன்னொரு தடவ சொல்லுங்க."

அவர் சொன்னார்.